அழுத்தாமலே அடித்த மணி

"பொத்தானை அழுத்தவும்" என்ற வரியை அவன் குறைந்தது நாலாயிரம் தடவையாவது எழுதியிருப்பான். பிழைப்பே அதுதான். மிக்சி, மின்விசிறி, துவைக்கும் இயந்திரம் என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்குமே, வாங்கியவர்கள் அதைப் படிக்காமல் அலமாரித் தட்டில் விரித்துவிடுவார்களே, அந்தத் தாளை எழுதுகிறவன் அவன். அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை வரிசை எண் போட்டுத் தெளிவாக எழுதுவான். ஏன் நடக்கிறது என்று அவனை யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை. பாதித் தாள்களைப் பொருளைக் கண்ணால் பார்க்காமலே எழுதினான் என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

விஷயம் மாமியாருடையது. ரயிலில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரயிலில் ஒரு கம்பியையும் பிடிக்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தவர். அவர் போய்த் தன் வீட்டுக் குளியலறையில், ஆடாமல் அசையாமல் கிடந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வலி ஆறிவிட்டது, அவமானம் ஆறவில்லை. அறுவை முடிந்து இளைய மகள் வீட்டுக்கு, அதாவது அவன் வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். ஆறு வாரத்துக்கு இன்னொருவர் கை பிடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது, மறுபடி விழுந்தால் நடப்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமியார் டாக்டரிடம் தலையை நன்றாக ஆட்டினார். ஆட்டிவிட்டு, வந்த வாரத்திலேயே இரண்டு தடவை தனியாக எழுந்தார். ஒரு தடவை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மகள் பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை ஜன்னலோரம் நின்றபோது மாப்பிள்ளை பார்த்துவிட்டான். "கூப்பிட்டிருக்கலாமே" என்றால், "இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க?" என்பார். மனைவி மருந்துக் கடையில் மருந்தாளுநர். காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். வீட்டில் இருப்பவன் அவன் ஒருத்தன்தான். அவன் மேசை கூடத்தின் அந்தக் கோடியில், மாமியார் அறை சமையலறையைத் தாண்டி இந்தக் கோடியில்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் சகலை தொலைபேசியில் வந்தார். மனைவியின் அக்கா புருஷன். நாற்பது மாடிக் கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் போடுகிற இன்ஜினியர். நல்ல மனுஷர், ஆனால் குரல் நாற்பதாவது மாடிக்கும் கேட்கும்.

"எனக்குத் தெரிஞ்ச இல்லம் ஒண்ணு இருக்கு சகலை. ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு ஸ்விட்ச். அழுத்துனா நர்ஸ் வந்து நிப்பாங்க. ஆறு வாரம் அங்கேயே இருக்கட்டும் அத்தை."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. அவளுடைய சின்ன வயது முழுக்க அம்மா ரயிலில்தான் இருந்தார். ஆறு வாரம் சேர்ந்தாற்போல் அம்மா ஒரே வீட்டில் தன்னோடு இருப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் அவனைக் கேட்காமல் பேசிவிட்டது.

"ஒரு ஸ்விட்ச்தானே? அதை நானே இங்க செஞ்சிடறேன்."

மறுமுனையில் சகலை சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். மணி ஒழுங்கா இருந்தா அத்தை உங்க வீட்டுலயே இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மனைவி கைபேசியை வாங்கி வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "ஏங்க, போன வாரம் பல்பு மாத்தறதுக்கே ஆளைக் கூப்பிட்டோம்" என்று நினைவுபடுத்தினாள்.

திங்கட்கிழமை சாமான்கள் வந்தன. கையகலத்தில் ஒரு போர்டு. பொழுதுபோக்காக இதையெல்லாம் செய்கிறவர்கள் வைத்துக்கொள்வது. கம்பியைச் செருகி, கணினியில் நாலு வரி எழுதி ஏற்றினால் சொன்னதைச் செய்யும். கூடவே வரிசையாகத் துளை போட்ட வெள்ளைப் பலகை ஒன்று, பீப் என்று கத்தும் பஸ்ஸர் ஒன்று, நாலு காலுள்ள குட்டிப் பொத்தான், ஒரு சுருள் கம்பி. ஒரு பொட்டலத்தில் வண்ணக்கோடு போட்ட ரெசிஸ்டர்களும், அதாவது இரண்டு கம்பிக்கால் வைத்த மின்தடைகளும், இருந்தன. அவை எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் முதலில் கம்பியை எடுத்திருப்பார்கள். அவன் பேனாவை எடுத்தான். "வீட்டு அழைப்பு மணி: பயன்படுத்தும் முறை" என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கம் எழுதினான். ஏழு படிகள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று ஒரு எச்சரிக்கை. வீட்டில் குழந்தை கிடையாது, பழக்க தோஷம். பாகங்களின் பட்டியலில் ரெசிஸ்டருக்கு நேரே "உபரி" என்று எழுதி, பொட்டலத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினான். பிறகு தான் எழுதிய தாளைத் தானே பார்த்து, படிப்படியாக வேலை செய்தான்.

ஏழாவது படியில் மின்சாரம் கொடுத்ததும் மணி வீறிட்டது. நிற்கவே இல்லை. அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, பட்டன் இன்னும் என் கைக்கே வரல."

பொத்தானுக்கு நாலு கால் இருக்கிறதே, ஏதாவது இரண்டில் கம்பி கட்டினால் போதாதா என்று நினைத்திருந்தான். அந்த நாலும் இரண்டிரண்டாக உள்ளுக்குள் ஏற்கெனவே கைகோத்துக்கொண்டிருப்பவை. அவன் சரியாக ஒரு ஜோடியைப் பார்த்துக் கட்டியிருந்தான். அந்த மணிக்கு அழுத்தினாலும் ஒன்றுதான், அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். இது புரிய அவனுக்கு இரண்டு மணி நேரமும் பாதி உயிரும் போயின. ஒரு கம்பியைப் பிடுங்கி எதிர் ஜோடியில் மாட்டியதும் மணி வாயை மூடிக்கொண்டது. அழுத்தினால் அடித்தது, விட்டால் நின்றது. செவ்வாய் மாலை, மனைவி கொண்டுவந்த காலி மாத்திரை டப்பாவில் பொத்தானைப் பொருத்தி மாமியார் தலைமாட்டில் வைத்தான். கம்பி அங்கிருந்து சுவரோரமாகச் சமையலறைக்குள் போய், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நுழைந்து, ஆறு மீட்டர் நீண்டு அவன் மேசைக்கு வந்தது.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு மணி அடித்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினான்.

"கூப்பிட்டீங்களா அத்தை?"

மாமியார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "இல்லையே."

"மணி அடிச்சுதே."

"எனக்கும் கேட்டுது. நான் அழுத்தல." கொஞ்சம் யோசித்து, "வந்ததுதான் வந்தீங்க, அந்தத் தலையணையை முதுகுக்கு வைங்க" என்றார்.

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பத்து மணியாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது மறுபடி அடித்தது. அழுத்தவில்லையாம். ஆனால் வந்ததுதான் வந்தான், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகலாம். பத்து இருபதுக்கு அடித்தபோது தண்ணீர். பத்தே முக்காலுக்கு, விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மாலைக்குள் இருபது தடவை ஓடினான். நம்பிக்கையோடு ஓட ஆரம்பித்தவன், கடைசியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனான்.

அவனுக்கு மாமியார் மேல்தான் சந்தேகம். ஆளைக் கூப்பிடக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அழுத்திவிட்டு இல்லையென்று சாதிக்கிறார். இதை மனைவியிடம் சொன்னான். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எங்கம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. டிக்கெட் இல்லாம வந்த சொந்தத் தம்பியையே நடுவழியில இறக்கி விட்டவங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாவுக்கு உங்க மேல சந்தேகம். நீங்களே அங்க உக்காந்து மணியை அடிச்சிட்டு, எழுந்துட்டாங்களான்னு வேவு பாக்க வர்றீங்களாம்" என்றாள்.

வியாழக்கிழமை மாமியார் விசாரணையைக் கையில் எடுத்தார். மகளிடம் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு, முந்தின நாள் அடித்ததையும் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்து, மணி அடித்த நேரம், பொத்தான் இருந்த இடம், ஃபேன் ஓடியதா, சமையலறையில் என்ன சத்தம் என்று ஒவ்வொரு தடவையும் குறித்தார். "மாப்பிள்ளை வருகை: 10.15, பனியனோடு" என்றுகூட ஒரு குறிப்பு இருந்தது. அன்றிலிருந்து அவன் சட்டை போட்டுக்கொண்டு ஓடினான்.

ஓடி ஓடிப் பேச்சும் வளர்ந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவனும் மாமியாரும் பேசிக்கொண்டது மொத்தம் ஒரு மணி நேரம் இருக்காது. "சாப்பிட்டீங்களா", "ஆச்சு", அவ்வளவுதான். இப்போது இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டாக வேண்டும். மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி சட்டையில் மாறி மாறி உட்கார்ந்து ஆறு மாசம் ஊர் போய் வந்த கதையை மாமியார் நாலு தவணையில் சொன்னார். மணி சரியாக மூன்றாமவன் பிடிபடும் இடத்தில் அவனை அழைத்து வந்தது. அவன் எழுதிய மிக்சித் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு அடுத்த வருகையில் அவனை நிறுத்தி வைத்தார்.

"நாலாவதுல ஸ்விட்சைப் போடச் சொல்றீங்க. அஞ்சாவதுல மூடியை மூடச் சொல்றீங்க. அதுக்குள்ள உள்ள இருக்கறதெல்லாம் சுவர்ல இருக்காதா மாப்பிள்ளை?"

அந்தத் தாள் அச்சாகி ஐந்து வருஷமாகிறது. லட்சம் பெட்டிகளில் போயிருக்கிறது. ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, காரணம் ஒருவரும் படித்ததில்லை. தான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த முதல் ஆள் தன் மாமியார்தான் என்பது அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மாமியார் நோட்டை நீட்டினார். "மூணு நாள்ல மணி அறுபத்தோரு தடவை அடிச்சிருக்கு. அம்பத்தெட்டு தடவை, அடிக்கறதுக்குச் சரியா முன்னாடி உங்க ஃபிரிட்ஜ் ஒரு உறுமல் உறுமிச்சு. சுவருக்கு அந்தப் பக்கம்தானே, எனக்கு நல்லா கேக்குது. மீதி மூணு தடவை நான் கம்பியை ஒதுக்கி வச்சேன். போய் ஃபிரிட்ஜை அணைங்க."

அணைத்தான். ஒன்றரை மணி நேரம் வீடு கப்சிப். போட்டதும் ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு கிளம்பியது. மணி அடித்தது. மாமியார் நோட்டில் ஒரு டிக் போட்டார். பிடிபட்டவன் யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

அதன் பிறகுதான் அவன் முதல் முறையாக, அழுத்தினால் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தான். பொத்தானை அழுத்தினால், கம்பி செருகிய துளைக்கு மின்சாரம் வருகிறது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போர்டுக்குப் புரிகிறது. அழுத்தாதபோது? கம்பி எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. "யாரும் கூப்பிடவில்லை" என்று போர்டுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆறு மீட்டர் கம்பியை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்பது, பக்கத்தில் ஒரு மோட்டார் உதறினால்கூடத் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தத் துளையிலிருந்து பூஜ்ய மின்னழுத்தக் கம்பிக்கு ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால், யாரும் அழுத்தாத நேரமெல்லாம் அது "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இழுப்பறையைத் திறந்து, உபரியில் ஒன்றை எடுத்துச் செருகினான்.

ஃபிரிட்ஜ் உறுமியது. மணி வாயைத் திறக்கவில்லை. மாலையில் மனைவி வந்ததும் பத்து தடவை அழுத்திக் காட்டினான். பத்துக்குப் பத்து. அவள் உச்சி குளிர்ந்துபோய், சகலைக்கு அப்போதே செய்தி அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "அம்மா, இனிமே நீ அழுத்துனாத்தான் அடிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாமியார் "நல்லது" என்றார்.

சனிக்கிழமை அருமையான காலை. யாரும் கூப்பிடவில்லை. ஒரு தண்ணீர் சூடேற்றியின் தாளை அவன் ஒரே மூச்சில் எழுதி முடித்தான், ஸ்விட்சுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறோமா என்று இரண்டு தடவை சரிபார்த்தான். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. மணி நல்ல பிள்ளையாக இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குப் போனான்.

கட்டில் காலியாக இருந்தது. மாமியார் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை திரைச்சீலையை முறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்து நடக்கிற வாக்கர் எட்டாத தூரத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வை. போன வழியே திரும்பக் கால் வரவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. தட்டை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது, ஓடிப்போய் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, அடி அடியாக நடத்திக் கட்டிலில் உட்கார வைத்தான். 

"ஏன் அத்தை, பட்டன் தலைமாட்டுலதானே இருக்கு?"

"இருக்கு. ஜன்னலைச் சாத்தணும், அவ்வளவுதான். இதுக்குப் போய் வேலையா இருக்கறவரைக் கூப்பிடறதா?"

"மூணு நாளா எத்தனை தடவை சாத்துனேன்?"

"அப்ப நான் கூப்பிடலையே. அது கூப்பிட்டுது, நீங்க வந்தீங்க. வந்ததுனால சொன்னேன்." மாமியார் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "அவகிட்ட சொல்லாதீங்க."

அவன் சொல்லவில்லை. சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். பொத்தானை அழுத்தவும், பொத்தானை அழுத்தவும் என்று நாலாயிரம் தடவை எழுதியிருக்கிறான். அழுத்த மனம் வராத மனுஷி ஒருத்தி இருப்பாள் என்று ஒரு தாளிலும் ஒரு வரி எழுதவில்லை. பயமாகவும் இருந்தது, தன் மேலேயே கோபமாகவும் வந்தது. பிறகு மேசைக்குப் போனான். ரெசிஸ்டரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஒன்றே காலுக்கு ஃபிரிட்ஜ் உறுமியது. மணி அடித்தது. போனான்.

"நான் அழுத்தலையே" என்றார் மாமியார்.

"தெரியும் அத்தை. மறுபடி கெட்டுப்போச்சு போல."

"அப்படியா" என்று மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வந்ததுதான் வந்தீங்க, வாக்கரைப் பக்கத்துல நகர்த்துங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சகலை வந்து இறங்கினார். நலம் விசாரித்துவிட்டு நேரே பொத்தானை அழுத்தினார். கூடத்தில் மணி அடித்தது. "பரவாயில்லையே சகலை" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், அவனுக்கு இருமல் வந்தது. மனைவி சிரித்த முகமாக டீ கொண்டுவந்தாள். சகலை முதல் வாய் குடிக்கும்போது ஃபிரிட்ஜ் உறுமியது. மணி அடித்தது. பொத்தான் பக்கம் ஒரு கையும் இல்லை.

சகலை டம்ளரை வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டே சமையலறை வழியாக மேசைவரை போனார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்புட்டை அந்தரத்துல விட்டிருக்கீங்களே சகலை. ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கணும். முதல் பாடத்துலயே இருக்குமே இது."

"வெள்ளிக்கிழமை நல்லா இருந்துச்சு அத்தான், நானே பார்த்தேன்" என்ற மனைவி அவனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை மாமியார் எழுந்து நின்றதையும் சொல்ல வேண்டும், அப்புறம் அவர் ஒரு நிமிஷம் இங்கே இருக்க முடியாது. ரெசிஸ்டரைத் திரும்பப் போட்டாலோ, யாரும் அழுத்தப்போவதில்லை. "கழண்டு விழுந்திருக்கும்" என்றான்.

"கழண்டு விழற மணியை நம்பியா ஒரு மனுஷியை விடறது?" சகலைக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். "பொய் மணி நாலு தடவை அடிச்சா அஞ்சாவது தடவை எவனும் எழுந்து வரமாட்டான். என் தொழில்ல இதை நான் நிறையப் பார்த்திருக்கேன். அத்தையோட துணியெல்லாம் எடுத்து வைம்மா." அவர் கார்ச் சாவியைக் கையில் எடுத்தார். மனைவி நகரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"மாப்பிள்ளை, இங்க வாங்க" என்றார் மாமியார் உள்ளிருந்து.

இரண்டு மாப்பிள்ளைகளும் போனார்கள். "சின்னவரைத்தான் சொன்னேன். அந்தச் சட்டைப்பையில என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லன்னு சொன்னவங்களைத்தான் நான் முப்பத்தோரு வருஷமா இறக்கி விட்டிருக்கேன். எடுங்க."

மெல்லிய சட்டை. உள்ளே இருந்த சாமானின் ஒரு கால் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவன் அதை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தான். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சுக் கோடுகள். சகலைக்கு ஒரே பார்வையில் புரிந்தது, அது எதுவென்று மட்டும். ஏன் பைக்குள் வந்தது என்று புரியவில்லை.

"இது தானா கழண்டு, தானா நடந்து வந்து பையில ஏறல" என்றார் மாமியார். "நேத்து மத்தியானம் வரைக்கும் இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு. மணி ஒழுங்கா இருந்துச்சு. நான் எழுந்து நின்னுட்டேன்."

"அம்மா" என்றாள் மகள்.

"விழல. விழுந்திருப்பேன், இவர் வந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் இவரே இதைப் பிடுங்கிட்டாரு." நோட்டைத் திறந்து பெரிய மாப்பிள்ளை பக்கம் திருப்பினார். "வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள பொய் மணி அறுபத்தோரு தடவை அடிச்சிருக்கு. நேரத்தைப் பாருங்க, பக்கத்துலயே இவர் வந்த நேரமும் இருக்கு. நீங்க சொன்னீங்களே அஞ்சாவது தடவை, அதுக்கும் வந்தாரு. அறுபத்தோராவதுக்கும் வந்தாரு."

சகலை பக்கத்தைப் புரட்டினார். நிதானமாக, கடைசி வரைக்கும் படித்தார். "அங்க பட்டன் சரியா வேலை செய்யும் அத்தை" என்றார், ஆனால் இந்தத் தடவை குரல் நாலாவது மாடிக்குக்கூட எட்டாது.

"செய்யும். நான் அழுத்த மாட்டேன். யாரையும் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்ல மாப்பிள்ளை. இங்கேயும் அழுத்தல, அங்கேயும் அழுத்த மாட்டேன். எங்க விழறதுங்கறதுதான் வித்தியாசம்."

சகலை சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நோட்டைப் பத்திரமாகக் கட்டிலில் வைத்தார். மாமியார் ரெசிஸ்டரை இளைய மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"கொண்டுபோய் அதோட இடத்துல போடுங்க."

"போட்டா அடிக்காது அத்தை."

"தெரியும். போடுங்க."

அவனுக்கு மனசே இல்லை. கூடத்துக்குப் போய், குனிந்து, இரண்டு காலையும் உரிய துளையில் செருகினான். சமையலறையில் ஃபிரிட்ஜ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓடியது. மணி சும்மா இருந்தது. அவன் நிமிர்வதற்குள் அடித்தது. விடாமல், நீளமாக அடித்தது.

ஓடினான். வழியில் மனைவி ஒதுங்கி நின்றாள், சகலை ஒதுங்கி நின்றார். மாத்திரை டப்பா மாமியாரின் மடியில் இருந்தது.

"இது நீங்களா அத்தை, இல்ல அதுவா?"

மாமியாரின் கட்டை விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. முகம் சிவந்திருந்தது.

"நான்தான்."

"என்ன வேணும், சொல்லுங்க."

மாமியார் யோசித்தார். கேட்பதற்கு அவர் எதையும் தயாராக வைத்திருக்கவில்லை.

"ஒண்ணும் வேணாம்" என்றார். "வந்து உக்காருங்க."